மாஸ்டர் வீட்டுப் போர்வை

மழை பிடித்துக்கொண்டால் தையற்கடையில் வேலை படுத்துவிடும். பள்ளிக்கூட யூனிபார்ம்களையெல்லாம் முன்பே தைத்துக் கொடுத்தாயிற்று. கல்யாணத் துணிகள் வர இன்னும் நாள் கிடக்கிறது. தெருவில் தேங்கிய தண்ணீரில் நடந்து வந்து சட்டைக்கு அளவு கொடுக்க யாருக்குத் தலையெழுத்து? மாஸ்டர் மெஷினுக்கு எண்ணெய் விடுவார், துடைப்பார், துடைத்துவிட்டோமே என்று மறுபடியும் எண்ணெய் விடுவார். அதுவும் முடிந்தால் கத்திரியை எடுத்துக் காற்றை இரண்டு வெட்டு வெட்டிவிட்டுக் கீழே வைப்பார்.

அந்த வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதும் வேலை. தனிக்கட்டை. மழை வலுத்துவிட்டால் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பேன். முன்னறை கடை. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் வீடு: ஒரு கட்டில், ஒரு பீரோ, அதற்குப் பின்னால் அடுப்படி. மாஸ்டர், அவர் மனைவி, ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போகும் மகள் என்று மூன்று பேர்தான் குடும்பம்.

மாஸ்டர் வெட்டுக்குப் பேர் போனவர். ஆள் வாசலில் நிற்கும்போதே தோள் எவ்வளவு, வயிறு எவ்வளவு என்று கண்ணால் எடுத்துவிடுவார். டேப் வைத்து அளப்பதெல்லாம் வந்தவரின் திருப்திக்காக. தையலோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓடும். நல்ல சட்டை போட்ட ஆளைப் பார்த்தால், "மாஸ்டர் கையா?" என்று கேட்பார்கள். அந்தச் சட்டையில் பட்டன் நுழையும் துளைக்குக் காஜா போடுவது, பட்டன் தைப்பது, ஓரத்தை மடித்து எம்மிங் செய்வது எல்லாம் திரைக்கு அந்தப் பக்கம் நடக்கும். கல்யாணமாகி வந்த புதிதிலிருந்தே அது அக்காவின் வேலை. மாஸ்டரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வேலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அக்காவும் சொன்னதில்லை.

வெட்டியதில் மிஞ்சும் துண்டுத்துணிகளை மாஸ்டர் எறிய மாட்டார். மூட்டை மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைப்பார். அந்த வருடம் மழை விடாமல் பெய்ததில் மூட்டைகளில் ஈரம் ஏறி நாற்றம் கிளம்பிவிட்டது.

"ஒண்ணு இதை வெளியே தள்ளுங்க, இல்லாட்டி என்னை வெளியே தள்ளுங்க," என்றார் அக்கா, திரையை விலக்கி.

"எதுக்காவது ஆகும், கிடக்கட்டும்."

"இத்தனை வருஷமா எதுக்கு ஆச்சு? கரப்பான்பூச்சி குட்டி போடத்தான் ஆச்சு."

"அப்படின்னா நீயே எதையாவது பண்ணிக்க. சும்மாதானே இருக்க."

சும்மா இருக்கிறாள் என்று சொன்னபோது அக்காவின் மடியில் எனக்கான சட்டை இருந்தது. நாலாவது காஜா பாதியில் நின்றிருந்தது.  அக்கா அந்தச் சட்டையை முடித்துவிட்டு அன்றைக்கே மூட்டையைப் பிரித்தார்.

துண்டுகளையெல்லாம் துவைத்து, அடுப்படியில் கயிறு கட்டிக் காயவைத்து, இஸ்திரி போட்டு, கோடு போட்டது ஒரு குவியல், பூப்போட்டது ஒரு குவியல், வெறும் நிறம் ஒரு குவியல் என்று பிரித்தார். பிறகு ஒன்றோடு ஒன்றைச் சேர்க்க ஆரம்பித்தார். மெஷின் மாஸ்டருடையது, அதைத் தொடும் வழக்கமில்லை. கையால்தான். பழைய வேட்டியை அடித்துணியாகக் கொடுத்து, மேலே துண்டுகளை அடுக்கி, ஊசியை முக்கி முக்கி எடுத்து ஓட்டுத் தையல் போட்டார். மழை நிற்பதற்குள் மகளுக்கு ஒரு போர்வை தயாராகிவிட்டது.

மகள் வேலைவிட்டு வந்து அதைக் கட்டிலில் விரித்துப் பார்த்தாள்.

"அம்மா, இது என் அஞ்சாங்கிளாஸ் கவுன். இது எதிர்வீட்டு மாமா சட்டை. இந்தப் பச்சை யாருது?"

"அது உங்க அப்பா தப்பா வெட்டுனது. யாருக்கும் தெரியாம மூட்டைக்கு அடியில வச்சிருந்தாரு."

"அப்பா தப்பா வெட்டுவாரா?" என்றாள் மகள், திரைக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி. மாஸ்டர் சிரித்தார். அன்றைக்கு அவருக்குச் சிரிக்க வந்தது.

பக்கத்துத் தெருவில் நர்ஸம்மா ஒருவர் இருந்தார், ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் வேலை. தன்னுடைய வெள்ளை உடுப்பை வாங்க வந்தவர் திரை இடுக்கில் அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டார். மாஸ்டர் நீட்டிய பொட்டலத்தை வாங்காமல் நேரே உள்ளே போனார்.

"யாரு கை வேலை மாஸ்டர் இது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏதோ கந்தலை ஒட்டிட்டு இருக்கா. பொழுது போகணும்ல," என்றார் மாஸ்டர்.

"இது கந்தலா? எங்க அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. எனக்கு ஒண்ணு வேணுமே அக்கா."

அப்படித்தான் ஆரம்பித்தது.

குளிர் தொடங்கியதும் நர்ஸம்மாவின் வாய் வழியாகச் செய்தி பரவிவிட்டது. பால் ஊற்றுகிறவரின் மனைவி வந்தார், பேக்கரிக்காரர் தன் அம்மாவுக்குக் கேட்டார், வேறு தெருவிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் கடைக்குள் நுழைந்து, மாஸ்டருக்கு ஒரு தலையசைப்பு வைத்துவிட்டு, திரையை விலக்கி உள்ளே போனார்கள். அவரவர் வீட்டுப் பழைய துணியையும் கொண்டுவந்தார்கள். செத்துப்போன அப்பாவின் சட்டை, பிள்ளை சிறுவயதில் போட்ட பாவாடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, துணியைத் தடவித் தடவிப் பார்த்து, "இதை நடுவுல வைக்கிறேன்," என்பார். அவர்களுக்குக் கண் கலங்கிவிடும். சட்டைக்கு அளவு கொடுக்க வந்து கண் கலங்கினவர் யாரும் கிடையாது.

மாஸ்டர் முதலில் கேலியாகத்தான் பேசினார். "கந்தல் கம்பெனி முதலாளியம்மா, ஒரு டீ கிடைக்குமா?" என்பார். டீ வரும். அடுத்த வாரம் டீ தாமதமாக வந்தது. அதற்கடுத்து அவரே அடுப்படிக்குப் போய்ப் போட்டுக்கொண்டார். ஒருநாள் தலையில் மப்ளர் கட்டிய பெரியவர் ஒருவர் கடை வாசலில் நின்று, மாஸ்டர் பெயர் எழுதிய போர்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு, "தம்பி, போர்வைக்காரம்மா வீடு எது?" என்று கேட்டார்.

மாஸ்டர் வாயில் ஊசி இருந்தது. அதை எடுத்துவிட்டு, "தெரியலைங்க," என்றார்.

பெரியவர் நகர்ந்துவிட்டார்.

நான் பெஞ்சில் இருந்தேன். "என்ன மாஸ்டர், தெரியலைன்னுட்டீங்க?"

"எனக்குப் போர்வைக்காரம்மாவைத் தெரியாது தம்பி. எனக்குப் பொண்டாட்டியைத்தான் தெரியும்," என்றார். சொல்லிவிட்டு, தான் சொன்னது நன்றாக இருக்கிறதா என்று யோசிக்கிறவர் மாதிரி கொஞ்சநேரம் இருந்தார்.

காஜாவில் சண்டை வந்தது. ஒரு மாப்பிள்ளைப் பையனின் சட்டை அன்று சாயங்காலம் கொடுக்க வேண்டியது. காஜா போடாமல் கிடந்தது.

"இது என்ன இன்னும் இப்படியே கிடக்கு?"

"விளக்கு வைக்கிறதுக்குள்ள போட்டுடறேங்க. இந்த ஓரத்தை முடிச்சுட்டு வரேன்."

"எது முக்கியம்? கல்யாணச் சட்டையா, கந்தலா?"

"வந்தவங்களுக்கு அவங்கவங்கது முக்கியம்."

"ஓ. இப்ப நீ எனக்குச் சொல்லித் தர்ற."

"சொல்லித் தரலைங்க. கேட்டீங்க, சொன்னேன்."

அக்கா சொன்னபடியே போட்டுக் கொடுத்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததுதான் மாஸ்டருக்கு இன்னும் ஆத்திரம். மறுநாள் மெக்கானிக் ஷெட்டிலிருந்து ஆளைக் கூப்பிட்டு, அந்த மாதம் விழுந்த துண்டுத்துணியையெல்லாம் மூட்டையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார், வண்டி துடைத்துக்கொள்ளச் சொல்லி. அக்கா உள்ளேயிருந்து வந்து காலியான இடத்தைப் பார்த்தார்.

"நாறுதுன்னு சொன்னியே," என்றார் மாஸ்டர்.

அக்கா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பை நிறையத் துண்டுத்துணி. மாஸ்டர் பைக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்தார். விளிம்பைத் தடவினார். அவர் முகம் கறுத்துவிட்டது.

"இது சென்ட்டு கத்திரி."

தெருமுனையில் புதிதாகக் கடை போட்டிருந்த தையல்காரனுக்கு மாஸ்டர் வைத்த பெயர் சென்ட்டு. கடை முழுக்கக் கண்ணாடி மாட்டி, ஆளும் கமகமவென்று இருப்பான். வயதில் சின்னவன்.

"ஆமா. சும்மா குப்பையில போடுறதுதானே, எடுத்துக்கங்கன்னு குடுத்தாரு," என்றார் அக்கா.

"குடுத்தாரா? அவனுக்கு 'ரு' வேறயா?"

"என்னை அக்கான்னு கூப்பிட்டு, ஸ்டூல் எடுத்துப் போட்டாரு. வேற எப்படிச் சொல்ல?"

"வேற என்ன சொன்னான்?"

"போர்வையைப் பத்திக் கேட்டாரு. நிறத்தைச் சேர்க்கிற கண்ணு எல்லாருக்கும் வராதுன்னாரு."

மாஸ்டர் அந்தத் துண்டைப் பைக்குள் போட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, அவன் கடையில இவ ஸ்டூல்ல உட்கார்ந்திருந்ததை நான் பார்க்கக்கூட இல்லை. ஆனா அந்த ஸ்டூலு எந்தப் பக்கம் போட்டிருந்தான், கண்ணாடியில இவ முகம் தெரிஞ்சுதா, தெரியலையா, அது வரைக்கும் என் கண்ணுக்குள்ள ஓடுது. இத்தனை வருஷத்துல நிறத்தைச் சேர்க்கிற கண்ணுன்னு எனக்குச் சொல்ல வாய் வரலை. எவனோ ஒருத்தன் சொல்லிட்டான். அதுதான் வயித்தெரிச்சல்."

ஆனால் அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. வேறொரு வேலை செய்தார். புதுத் துணி எடுத்துவந்து, அளந்து, சதுரம் சதுரமாக வெட்டி, மெஷினில் ஒரு போர்வை தைத்தார். நாலு மூலையும் கச்சிதம். ஒரு தையல் பிசகவில்லை. அதைக் கடை வாசலில் கொடியில் மாட்டினார், அக்கா முடித்துவைத்திருந்த ஒன்றைப் பக்கத்தில் மாட்டிவிட்டு.  மெஷினை மிதித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வந்தது பேக்கரிக்காரரின் மனைவி. மாஸ்டரின் போர்வையைத் தொட்டுப் பார்த்தார்.

"இது கடையில வாங்கினதா மாஸ்டர்?"

"இல்லம்மா. நான் தச்சது."

"அதானே பார்த்தேன். அப்படியே கடையில வாங்கின மாதிரியே இருக்கு," என்றார் அந்த அம்மா, மனதாரப் பாராட்டாகத்தான். சொல்லிவிட்டு மற்றதை எடுத்து முகத்தில் ஒருமுறை ஒற்றிக்கொண்டு, "அக்கா இருக்காங்களா?" என்று உள்ளே போனார்.

மாஸ்டர் எழுந்து தன் போர்வையைக் கழற்றி, மடித்து, கடையின் மேல் பலகையில் வைத்தார். பெஞ்சில் நான் இருந்ததால் என்னைப் பார்த்து, "வெயில் படுது, நிறம் போயிடும்," என்றார். வெயிலே இல்லை.

குளிர் குறைந்து வெயில் ஏறத் தொடங்கிய சமயத்தில் நர்ஸம்மா பெரிய வேலையோடு வந்தார். பிள்ளைகள் வார்டுக்குப் புதிதாக வெள்ளையடிக்கிறார்கள், எல்லாக் கட்டிலுக்கும் லேசான பருத்திப் போர்வை வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு மிருகம் இருக்க வேண்டும். "ஊசிக்குப் பயந்து அழுதுட்டே இருக்குதுங்க அக்கா. பார்த்துட்டுக் கிடக்க ஒரு யானையோ முயலோ இருந்தா நல்லா இருக்கும்."

அக்காவுக்கு அது வரை யாரும் அப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை. உடனே சரி என்று சொல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பிறகு சொன்னார், "பண்ணிடலாம்."

வீடே அந்த வேலையில் இறங்கியது. மகள் ஜெராக்ஸ் கடையிலிருந்து வீணான காகிதங்களைக் கொண்டுவந்தாள். அவற்றில் மிருகங்களை வரைந்து, வெட்டி, துணியின் மேல் வைத்து அளவெடுக்க வேண்டும். வரைகிற வேலை என் தலையில் விழுந்தது.

"தம்பி, இது யானையா, பன்னியா?" என்பார் அக்கா.

"தும்பிக்கை இருக்கேக்கா."

"அது வால்னு நினைச்சேன்."

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வெங்காயம் வதங்கும் வாசனை, இஸ்திரிப் பெட்டியின் சூடு, துணித்தூசி எல்லாம் கலந்து அந்த நடு அறை கலகலவென்று இருக்கும். திரைக்கு வெளியே கடையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும், நிற்கும், மறுபடி கேட்கும். மாஸ்டருக்கு யானை நன்றாக வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. மகள் சிறு பிள்ளையாக இருந்தபோது கவுனில் சாக்குக்கட்டியால் யானை வரைந்து தைத்துக் கொடுத்திருக்கிறார். அக்காவுக்குத் தெரியும். இருந்தும் கூப்பிடவில்லை. கூப்பிடாததால் அவரும் போகவில்லை.

போர்வைகள் முடிந்து, மடித்து, கட்டிலில் அடுக்கியாயிற்று. மறுநாள் கொண்டுபோக நர்ஸம்மா வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அன்று மதியம் அக்காவும் மகளும் ஏதோ உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். நான் வெயிலில் மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் தனியாக இருந்தார். நடந்ததை அவரே பின்னால் சொன்னார்.

சாப்பிட எழுந்தவர் கட்டிலைப் பார்த்தார். மேலாக இருந்ததை எடுத்து விரித்தார். ஒரு முயல், காது ஒன்று கோணலாக. தையலும் கொஞ்சம் சாய்வாகத்தான் ஓடியிருந்தது. ஆனால் பார்க்கப் பார்க்க அந்த முயல் உயிரோடு இருக்கிற மாதிரி இருந்தது. தன் கையால் அப்படி ஒன்றைச் செய்ய முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்துவந்தார். உள்பக்கம் துண்டுகள் சேரும் இடங்களில் பார்த்துப் பார்த்து அறுத்தார். பிறகு பழைய, நைந்துபோன நூல்கண்டு ஒன்றை எடுத்து அதே இடத்தில் ஊசியால் ஒப்புக்கு ஓட்டிவிட்டார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு துவைப்புக்குத் தாங்காது. அப்படி இரண்டு மூன்று போர்வைகள். முடித்துவிட்டுக் கை கழுவினாராம். சாப்பாட்டையும் சாப்பிட்டிருக்கிறார்.

வார்டில் முதல் துவைப்பு முடிந்ததும் நர்ஸம்மா பையோடு வந்தார். நான் பெஞ்சில் இருந்தேன். பேக்கரிக்காரரின் மனைவியும் இன்னொரு அம்மாவும் ஏதோ துணி கொண்டுவந்து உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் மெஷினில் ஒரு பேன்ட்டின் கால் அடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்று நர்ஸம்மா பையிலிருந்து எடுத்து விரித்தார். முயலின் பாதி உடம்பு தொங்கியது. யானைக்கு ஒரு பக்கம் பெரிய ஓட்டை. "துவைச்சு எடுத்தா இப்படி. அந்த முயல் கட்டில் பிள்ளை நேத்துலேர்ந்து அழுகை. பெரிய நர்ஸு எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடுன்னு சொல்றாங்க. நான்தான் போய்க் கேட்டுட்டு வரேன்னேன்."

அக்கா போர்வையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அறுந்த இடத்தில் தொங்கிய நூலை விரலில் சுற்றி இழுத்தார். அது பஞ்சு மாதிரி வந்தது. இன்னும் பிரியாமல் மிச்சமிருந்த தையலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். திரை பாதி விலகியிருந்தது. அக்கா தலையைத் தூக்கி மாஸ்டரின் முதுகைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என் கைதான் தப்பிடுச்சு நர்ஸம்மா," என்றார் அக்கா. "அவசரத்துல பழைய நூலை எடுத்துட்டேன் போல. எல்லாத்தையும் கொண்டாங்க. திரும்பத் தச்சுக் குடுத்துடறேன்."

நர்ஸம்மாவின் முகம் இளகிவிட்டது. "போகட்டும் அக்கா. என் தப்புன்னு நேரா சொல்ற மனசு யாருக்கு வரும்? பெரிய நர்ஸுகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அதானே," என்றார் பேக்கரிக்காரரின் மனைவி. "இவ்வளவு வேலையை ஒரே கை செய்யுது. ஒண்ணு ரெண்டு தவறாதா? இன்னொருத்தரா இருந்தா நீங்க துவைச்சது சரியில்லைன்னு சண்டைக்கு வந்திருப்பாங்க."

மற்ற அம்மாவும் ஏதோ சொன்னார். மூன்று பேரும் அக்காவைத் தேற்ற ஆரம்பித்தார்கள். மெஷின் நின்றது.

"நான்தான் பிரிச்சேன்," என்றார் மாஸ்டர், திரும்பாமல்.

"என்ன மாஸ்டர்?" என்றார் நர்ஸம்மா.

"அவ தச்சது பிரியாது. நான் அறுத்துட்டு, நைஞ்ச நூல் போட்டு ஓட்டினேன்."

  நர்ஸம்மா பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "நான் நாளைக்கு வரேன் அக்கா," என்று எழுந்தார். மற்ற இருவரும் கூடவே எழுந்து, மாஸ்டரைப் பார்க்காமல் வெளியே போனார்கள். நானும் எழுந்தேன். அக்கா, "நீங்க இருங்க தம்பி," என்றார். ஏன் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் தனியாக இருக்க அக்காவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

"உனக்கு எப்ப தெரியும்?" என்றார் மாஸ்டர்.

"இப்பதான். பார்த்த உடனே."

"எப்படி?"

"அவ்வளவு நேரா எனக்குத் தைக்க வராது."

மாஸ்டர் பேன்ட்டின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கெடுக்கணும்னு உட்கார்ந்தவரு கோணலா தச்சிருக்கலாம்ல," என்றார் அக்கா. "அதுகூட வரலை உங்களுக்கு."

"தெரிஞ்சும் ஏன் உன் தப்புன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? கட்டின புருஷன் வயித்தெரிச்சல்ல அறுத்துட்டாருன்னா? எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"நானே சொல்லிட்டேனே."

"மனசு கேக்காமயா சொன்னீங்க? அவங்க என்னைப் பாராட்டுறது பொறுக்கலை. அதனால சொன்னீங்க." அக்காவின் குரல் ஏறவில்லை. "தப்பு பண்ணேன்னு சொன்னாக்கூட எனக்கு நல்ல பேரு வருதுன்னு ஆயிடுச்சு. அதைத் தாங்க முடியலை."

மாஸ்டர் இல்லை என்று சொல்லவில்லை.

"நீ என்னைக் கூப்பிடலை," என்றார் கடைசியில். "யானை வரையறதுக்கு இந்தத் தம்பியைக் கூப்பிட்ட. இவருக்கு யானையும் வரலை, ஒண்ணும் வரலை. நான் இங்கதானே உட்கார்ந்திருந்தேன்."

"கந்தல்னு சொன்னீங்களே. கந்தலுக்கு உங்களை எப்படிக் கூப்பிடறது?"

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா..."

"நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா?" என்றார் அக்கா. "நான் வந்த நாள்லேர்ந்து காஜா போடுறேன். ஒருநாளாவது அதைப் பார்த்து, நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை. சென்ட்டு கடைக்காரரு சொன்னப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அழுதுட்டுதான் வந்தேன். அதையும் தெரிஞ்சுக்கங்க."

அந்த வார்த்தை மாஸ்டரை எங்கேயோ குத்தியது. எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். அக்கா உள்ளே போய்ப் பட்டன் டப்பாவையும் காஜா நூலையும் எடுத்துவந்து மெஷின் பலகையில் வைத்தார்.

"இனிமே உங்க காஜாவை நீங்க போட்டுக்கங்க."

சாயங்காலம் மகள் வந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. அவள் அப்பாவிடம் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்பா, அந்த முயலை நான்தான் வெட்டினேன். அந்தக் காது கோணல் என்னுதுதான்," என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அம்மாவோடு உட்கார்ந்து நூல் பிரிக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கோடை முழுக்க அக்கா வீட்டில் தைக்கவில்லை. நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் துணி வைக்கும் அறையில் ஒரு ஜன்னல் ஓரத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார். காலையில் சமைத்து மூடிவைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவோடு போவார். சாயங்காலம் வருவார். பேசுவார். குழம்பில் உப்பு போதுமா, கரண்ட் பில் கட்டியாச்சா, இந்த மாதிரி. போர்வையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாஸ்டர் கேட்கவும் பயந்தார்.

அவர் காஜா போட்டார். மெஷினில் மலையைப் புரட்டுகிற கை, நேர்த்தையல் தவறாத கை, காஜாவைச் சுற்றி ஊசியை வளைக்கத் திணறியது. ஒரு சட்டையில் காஜா பெரிசாகிப் பட்டன் தானாகக் கழன்றது. இன்னொன்றில் நுழையவே இல்லை. ஆபீஸ்காரர் ஒருவர் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, "என்ன மாஸ்டர், கை மாறிடுச்சா?" என்று கேட்டார்.

"ஆமாங்க," என்றார் மாஸ்டர்.

வெளியே காஜா போடுகிறவர்களிடம் கொடுக்கலாமே என்று நான் சொன்னேன். தலையாட்டினார், கொடுக்கவில்லை. மத்தியான வெயிலில் தெருவில் ஈ காக்கை இல்லாத நேரத்தில், வேண்டாத துணியில் காஜா போட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டிருப்பார். அக்கா காஜா போட்ட பழைய சட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்ப்பார். "இதுல முடிச்சு எங்கேன்னே தெரியலை தம்பி," என்றார் ஒருநாள். பாராட்டு மாதிரியே இல்லை, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது குரல்.

மறுபடியும் மழை வந்தது. ஆஸ்பத்திரியின் அந்த அறையில் ஒழுக ஆரம்பித்ததும் துணியையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா தன் மூட்டையைத் தலையில் பிளாஸ்டிக் தாளோடு சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். மாஸ்டர் எழுந்து மூட்டையை வாங்கப் போனார். அக்கா கொடுக்கவில்லை, தானே இறக்கினார். திரைக்கு அந்தப் பக்கம் மறுபடி வேலை நடக்க ஆரம்பித்தது.

குளிருக்கு முந்தி ஆர்டர்கள் குவிந்தபோது ஒருநாள் அக்கா திரையை விலக்கி வந்தார். கையில் ஓரம் அடிக்காத போர்வை ஒன்று. அதை மெஷின் பலகையில் வைத்தார்.

"சுத்தி ஓரம் அடிச்சுக் குடுங்க. கையால போட்டா நேரம் பிடிக்குது."

மாஸ்டர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே எடுத்து ஓரமாகப் போட்டார். நூலை மாற்றினார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூலைகளில் திருப்பும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார். முடித்து, நூலை வெட்டி, நீட்டினார்.

அக்கா வாங்கினார். ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்து மறுபடி இழுத்தார். அப்படியே நாலு பக்கமும், ஒரு சாண் விடாமல். நான் பெஞ்சில் இருந்தேன், போர்வை வாங்க வந்த பெண் ஒருத்தி வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நின்றாள். யார் இருக்கிறார்கள் என்று அக்கா பார்க்கவில்லை. மாஸ்டர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல் பிரியாமல் நின்றது. அக்கா மடித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார்.

"ஓரம் ரொம்ப அழகா இருக்கு அக்கா," என்றாள் அவள்.

"ஓரம் அவர் அடிச்சது," என்றார் அக்கா. உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு எல்லாப் போர்வைக்கும் ஓரம் மாஸ்டர்தான். எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்து வீட்டைக் காலி செய்யும் வரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொன்றையும் அக்கா வாங்கி, யார் முன்னால் இருந்தாலும், இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார். ஒருமுறைகூட விட்டதில்லை. மாஸ்டரும் ஒருமுறைகூட ஏன் என்று கேட்டதில்லை.

கிளம்புகிற அன்று நான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன், மாஸ்டர் தன் டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒரு போர்வைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே யாரோ அக்காவிடம், "உங்க கைக்கு மோதிரம் போடணும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டரின் மிதி ஒரு நொடி தடுமாறியது.

"இன்னும் எரியுதா மாஸ்டர்?" என்றேன், மெதுவாக.

"எரியாமலா? எரியத்தான் செய்யுது," என்றார். துணியைத் திருப்பிப் போட்டு, மூலையைப் பார்த்து, மறுபடி மிதிக்க ஆரம்பித்தார். "அதுக்காகத் தையலை விட முடியுமா தம்பி? இப்ப வந்து இழுத்துப் பார்ப்பா."